அலமாரியைக் காத்தவர்: அ. ஐயப்பனும் கடாரக் கரையும்

கடாரம் என்றதும் தமிழர் பேச்சு ராஜேந்திர சோழனில்தான் தொடங்கும். பட்டர்வொர்த்தில் இருப்பவர்களுக்கு அது இன்னும் இயல்பு. வடக்கே மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் பழைய கடாரமான கெடா மண். வானம் வெளுத்த நாளில் ஜெராய் மலை இங்கிருந்தே தெரியும். 1025இல் சோழர் கப்பற்படை இந்தக் கடலில் வந்தது என்ற செய்தி தமிழ்ப்பள்ளி மேடைகளிலும் கோயில் திருவிழா மலர்களிலும் தவறாமல் இடம்பெறுகிறது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தமிழகம், கடாரம் ஆகிய இரு கரைகளும் ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் வைத்திருந்ததற்குக் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்றுகளில் பல, சென்னை எழும்பூர் பாந்தியன் சாலையிலுள்ள அரசு அருங்காட்சியகத்தின் அலமாரிகளில் இருந்தன. ஆகவே, அந்த அலமாரிகளுக்கு 1940 முதல் 1950களின் இறுதிவரை பொறுப்பாக இருந்த மனிதரிடமிருந்து கடாரக் கதையைத் தொடங்க விரும்புகிறேன். அவர் பெயர் ஆயினப்பள்ளி ஐயப்பன்.

ஐயப்பன் 1905இல் இன்றைய திருச்சூர் மாவட்டத்தில், குருவாயூருக்கு அருகிலுள்ள பாவறட்டி வட்டாரத்தில், ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். அந்த ஊரும் அந்தக் காலமும் அவரைப் புரிந்துகொள்ள அவசியம். சாதிக்குச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த நாடு அது. குருவாயூர்க் கோயில் நுழைவுப் போராட்டம் 1931 நவம்பரில் தொடங்கியபோது அவருக்கு இருபத்தாறு வயது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1929இல், சென்னை அருங்காட்சியகத்தின் மானிடவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அங்கிருந்து லண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்று முனைவர் பட்டம் பெற்றார். மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியின் கருத்தரங்கு உலகெங்கும் இருந்து மாணவர்களை ஈர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. தூரத்திலிருந்து கேள்வி கேட்டுக் குறிப்பெடுப்பதைவிட, மக்களோடு தங்கி, அவர்கள் மொழியில் பேசி, அவர்கள் வாழ்க்கையை உள்ளிருந்து அறிய வேண்டும் என்பது அங்கு கற்பிக்கப்பட்ட முறை. 1940இல் எஃப். எச். கிரேவ்லி ஓய்வு பெற, ஐயப்பன் கண்காணிப்பாளர் ஆனார். 1851இல் எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிவைத்த அந்த நிறுவனத்தின் தலைமை ஓர் இந்தியருக்கு வந்தது அப்போதுதான்.

இந்தப் பதவியேற்பின் கனத்தை உணர எட்கர் தர்ஸ்டனை நினைத்துக்கொள்ள வேண்டும். 1885 முதல் 1908 வரை அதே பதவியில் இருந்தவர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி அவர் ரங்காச்சாரியோடு சேர்ந்து எழுதி 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் நூலகங்களில் புழங்குகின்றன. ஆட்களை வரவழைத்து, மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் கருவியால் அளந்து, அந்த எண்களிலிருந்து மனிதரின் தரத்தைப் பேச முயன்ற காலம் அது. அளக்கப்பட்ட சாதிகளில் ஈழவர்களும் உண்டு. ஒரு தலைமுறை கழித்து அந்தச் சாதியில் பிறந்தவரே அதே பதவியில் அமர்ந்தார்.

அதற்காக அவர் பழைய கருவிகளைத் தூக்கி எறிந்தவர் என்று சொல்ல முடியாது. பதவிக்கு வருமுன், 1937இல் நாயாடிகள் குறித்து அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சமூக மானிடவியலோடு உடல் மானிடவியலும் இருக்கிறது. அளவுகளும் அதில் உண்டு. ஆனால் யாரைப் பற்றி எழுதத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள். கண்ணில் பட்டாலே தீட்டு என்று ஒதுக்கப்பட்டு, தொலைவில் நின்று கூவிப் பிச்சை கேட்டு உயிர் வாழ்ந்த மக்கள் நாயாடிகள். தீண்டாமையின் படிக்கட்டில் தனக்கும் கீழே வைக்கப்பட்டவர்களிடம் முதலில் சென்றார் ஐயப்பன். சொந்தச் சமூகத்தைப் பற்றி, ஈழவர்களும் பண்பாட்டு மாற்றமும் குறித்து, அருங்காட்சியக வெளியீடாக எழுதியது அதற்குப் பிறகு, 1940களில். 1948இல் சென்னை மாகாணப் பழங்குடிகளின் சமூகப் பொருளாதார நிலை பற்றிய அறிக்கையும் அவர் எழுதியதே. இந்த வரிசை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இப்போது, அந்த அலமாரிகளுக்குப் பொருள் தந்த அரிக்கமேடு.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த மேடு. அங்கே பழைய செங்கல் சுவர்கள் தென்படுவதைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் எழுதி வைத்திருக்கிறார். 1930களில் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ரேய், ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கி வரும் மணிகளையும் ஓடுகளையும் வாங்கிச் சேர்த்தார். ரோமானியத் தலை செதுக்கிய மணிக்கல் ஒன்றும் அவர் கைக்கு வந்தது. இடம் பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால் சென்னை அரசு அங்கே நேரடியாக எதுவும் செய்துவிட முடியாது. இருந்தும் ஐயப்பன் போய்ப் பார்த்தார். 1941 மார்ச்சில் 'தி இந்து' நாளிதழில் அதைப் பற்றி எழுதினார். தெற்கின் தட்சசீலம் என்று அந்த இடத்துக்குப் பெயர் சூட்டினார். அங்கிருந்து சில பொருள்கள் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

உலகம் நினைவில் வைத்திருப்பது இதற்குப் பிந்திய பகுதியை. 1944 ஜூலையில், இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராகப் புதிதாக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தைப் பார்வையிடுகிறார். ஓர் அலமாரியில் கை விடுகிறார். நீண்ட கழுத்தும் கைப்பிடியும் உள்ள ஒரு ஜாடியின் துண்டு அகப்படுகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளில் மது ஏற்றிச்செல்லப் பயன்பட்ட ஆம்போரா என்று பார்த்த கணமே தெரிந்துகொள்கிறார். எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார். புதுச்சேரி என்று பதில் வருகிறது. உடனே புதுச்சேரிக்குப் போய், அங்கே சேர்த்து வைத்திருந்தவற்றில் இத்தாலியின் அரெஸ்ஸோ வகைச் சிவப்பு ஓடுகளைக் காண்கிறார். 1945இல் அகழாய்வு. 1946இல் 'ஏன்சியன்ட் இந்தியா' இதழில் விரிவான அறிக்கை. வீலர் இதைத் தன்வரலாற்று நூலிலும் சுவையாகச் சொல்லியிருப்பதால், அரிக்கமேட்டை அவரே கண்டுபிடித்தார் என்று பாடநூல்கள் வரை பதிந்துவிட்டது.

வீலரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமில்லை. அந்தத் துண்டின் மதிப்பை அறிய அவருடைய பயிற்சி தேவைப்பட்டது. அரெஸ்ஸோ ஓடு இத்தாலியில் எந்த ஆண்டுகளில் செய்யப்பட்டது என்பது ஏற்கெனவே திருத்தமாகத் தெரியும், கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதன் காலம் முடிந்துவிடுகிறது. அந்த ஓட்டோடு ஒரே மண்ணடுக்கில் கிடைக்கும் உள்ளூர்ப் பானைக்கும், தமிழ் பிராமி கீறிய ஓட்டுக்கும், உருள்வரிச் சக்கரம் பதித்த தட்டுக்கும் அதே வயதைச் சொல்லலாம். தேதியே இல்லாமல் மிதந்துகொண்டிருந்த தென்னிந்தியத் தொல்லியலுக்கு முதன்முதலாக ஒரு முளை அடிக்கப்பட்டது அப்படித்தான். இதைச் செய்தவர் வீலர். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கவனியுங்கள்: எங்கிருந்து வந்தது? அதற்குப் பதில் சொல்ல ஒரு பதிவு இருந்தது. அந்தப் பதில் இல்லையென்றால் அது பேரில்லாத ஓட்டுத்துண்டு. அதை வாங்கி வைத்தவர்களும், வைத்த இடத்தையும் வந்த இடத்தையும் மறக்காதவர்களும் கண்டுபிடிப்பில் பாதிப் பங்கு உள்ளவர்கள். நாம் அவர்களுக்கு அதைக் கொடுத்ததில்லை.

இனி அரிக்கமேட்டிலிருந்து நம் கரைக்கு வரலாம். அதற்கு மணிகள் போதும்.

அரிக்கமேட்டில் கண்ணாடி மணிகள் செய்த விதம் தனித்தன்மை வாய்ந்தது. உருகிய கண்ணாடியை உள்ளீடற்ற இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டி, அதற்குள் காற்றுத் துளை அடையாதபடி வைத்து, நுனியைப் பிடித்து நீளமாக இழுப்பார்கள். இழுக்க இழுக்க நடுவில் துளையோடு மெல்லிய குழலாக நீளும். ஆறியதும் அதைக் கட்டுக்கட்டாக வைத்து நறுக்குவார்கள். நறுக்கிய முனை கூராக இருக்கும். சாம்பலோடு கலந்து மறுபடி சூடேற்றினால் முனைகள் மழுங்கி உருண்டு வரும்; சாம்பல் இருப்பதால் துளை மூடிக்கொள்ளாது, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. ஒரு மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு. ஆந்திரத்தில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை உயிரோடு இருந்ததைப் பீட்டர் பிரான்சிஸ் ஆவணப்படுத்தினார். இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவரும் அவரே.

அதே வகை மணிகளும், மணி செய்யும்போது விழும் கழிவுக் கண்ணாடியும் கெடாவின் கோத்தா கோலா மூடாவை ஒட்டிய சுங்கை மாஸில் கிடைத்திருக்கின்றன. மணிகள் மட்டும் கிடைத்திருந்தால் வாணிகத்தில் வந்தவை என்று சொல்லிவிடலாம். கழிவு கிடைத்ததால் அங்கேயே செய்தார்கள் என்று ஆகிறது. அதாவது பொருளோடு தொழிலும் கடல் கடந்தது. உலையும் குழாயும் கைப்பழக்கமும் பல நூற்றாண்டுகளில், பல கைகள் மாறி, வங்கக் கடலின் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. அரிக்கமேட்டில் கிடைத்த உருள்வரித் தட்டுகளின் உறவினங்கள் பாலித் தீவின் செம்பிரான் வரை போயிருக்கின்றன. மன்னர்கள் பெயர் எதுவும் இல்லாத இந்த வரலாறு எனக்குப் படையெடுப்பைவிடப் பெரிதாகப் படுகிறது. பட்டர்வொர்த்திலிருந்து காரில் அரைமணி, முக்கால்மணி நேரத் தொலைவில் அதன் ஒரு முனை கிடக்கிறது.

மன்னர் பெயரோடு தொடர்புடைய சான்றும் எழும்பூரில் இருந்தது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் சூளாமணி வர்மன் பெயரால் எழுந்த பௌத்த விகாரம் நமக்குத் தெரியும். முதலாம் ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்த செய்தியைத் தாங்கிய செப்பேடுகள்தாம் லைடனுக்குப் போய்ச் சேர்ந்தவை. விகாரத்தைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட கோபுரம் ஒன்று கப்பல்காரர்களுக்கு அடையாளமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நின்றது. 1867இல் அரசின் அனுமதியோடு இடித்துத் தள்ளினார்கள். கட்டடம் போயிற்று. ஆனால் 1856 தொடங்கி 1934 வரை அந்த ஊர் மண்ணுக்குள்ளிருந்து ஏறக்குறைய 350 பௌத்தச் செப்புப் படிமங்கள் வெளிவந்தன. அமர்ந்த புத்தர், நின்ற புத்தர், போதிசத்துவர், தாரை, சிறு தூபிகள். கைக்கு அடக்கமானவை பல.

இவை எப்படிச் சென்னைக்கு வந்தன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தனிமனிதர் ஆசையால் நடந்ததில்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கலெக்டர் அருங்காட்சியகத்தைக் கேட்பார். அருங்காட்சியகம் வேண்டும் என்றால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளும். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளின் உலகப் புகழ்பெற்ற அந்தத் தொகுப்பு, ஏர் முனையில் தட்டுப்பட்டும் கிணறு தோண்டும்போது கிடைத்தும் இப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கிடைத்த ஊர், வட்டம், ஆண்டு எல்லாம் கோப்பில் பதிவாகும். நாகப்பட்டினப் படிமங்களில் பல பின்னர் வேறு அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. ஆனாலும் டி. என். ராமச்சந்திரன் அவற்றை வரிசைப்படுத்தி, ஒப்பிட்டு எழுதிய நூலை 1954இல், ஐயப்பன் காலத்தில், அருங்காட்சியகம் தன் வெளியீடாகக் கொண்டுவந்தது. கெடாவுக்கும் நாகைக்கும் உள்ள தொடர்பைப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. தலைவர் ஒருவருடைய உழைப்பு இப்படித்தான் பெரும்பாலும் இன்னொருவர் பெயரில் வெளிவருகிறது. 1951இல் அருங்காட்சியகத்தின் நூற்றாண்டு விழா, விக்டோரியா நினைவு மண்டபம் தேசியக் கலைக்கூடமாக மாறியது, பௌத்தத் தொல்பொருள்களுக்கான வழிகாட்டி நூல் என்று அவர் காலத்துப் பணிகள் பல. பி. ஆர். சீனிவாசனோடு சேர்ந்து தென்னிந்தியப் பௌத்தம் பற்றி அவர் எழுதிய நூல் 1960இல் வந்தது. அதற்குள் அவர் ஒடிசாவின் உத்கல் பல்கலைக்கழகத்துக்கு மானிடவியல் கற்பிக்கப் போய்விட்டார். பின்னாளில் கேரளப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1988இல் மறைந்தார்.

நம் பக்கத்துக் கதை வேறு மாதிரி. 1834இல் கேப்டன் ஜேம்ஸ் லோ இன்றைய செபராங் பிறையின் வடபகுதியில், பழைய கட்டடம் ஒன்று இடிந்து கிடந்த இடத்தில், ஒரு கல்பலகையைக் கண்டெடுத்தார். நடுவில் ஏழடுக்குக் குடையோடு தூபி செதுக்கப்பட்டிருக்கிறது. சுற்றிலும் சமஸ்கிருத எழுத்து. செம்மண் நாட்டைச் சேர்ந்த புத்தகுப்தன் என்ற மாநாவிகன் தன் பயணம் நலமாக முடிய வேண்டும் என்று வைத்த கல் அது. ஐந்தாம் நூற்றாண்டு என்பது எழுத்தமைதி காட்டும் காலம். பட்டர்வொர்த்தைச் சுற்றியுள்ள மண்ணில் கிடைத்தவற்றுள் இதைவிடப் பழைய பெயர் எனக்குத் தெரியவில்லை. கல் கல்கத்தாவுக்குப் போயிற்று. இன்றும் அங்குள்ள இந்திய அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கல் ஊரில் இல்லையே என்ற வருத்தம் ஒரு புறம். அதைவிடப் பெரிய இழப்பு, லோ எடுத்த இடம் எது என்பது இன்று விரல் வைத்துக் காட்டும் அளவுக்குத் தெளிவாக இல்லாதது. இடம் தெரிந்திருந்தால் பக்கத்தில் தோண்டலாம். உடன் கிடப்பவற்றைப் பார்க்கலாம். புத்தகுப்தன் தனி ஆளாக வந்தானா, துறைமுகமே இருந்ததா என்று கேட்கலாம். சென்னையில் ஒரு ஓட்டுத்துண்டு வீலரைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போயிற்று. செபராங் பிறையின் கல்லால் யாரையும் எங்கேயும் அழைத்துப் போக முடியவில்லை.

பின்னால் வந்தவர்கள் நிலைமையை மாற்றினார்கள். குவாரிச் வேல்ஸும் அவர் மனைவி டோரத்தியும் 1936, 1937இல் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி, இடங்களுக்கு எண் கொடுத்தார்கள். அந்த எண்களில்தான் சண்டிகள் எனப்படும் பழைய கோயில் இடிபாடுகளை இன்றும் அழைக்கிறோம். அலஸ்டேர் லாம்ப் எட்டாம் எண் இடத்தை ஆராய்ந்து 1960இல் கல்லுக்குக் கல் மீண்டும் அடுக்கினார். மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போகும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் ஏறிப் பார்ப்பது அந்தப் புக்கிட் பத்து பாஹாட் சண்டியைத்தான். அந்த அருங்காட்சியகம் 1980இல் திறக்கப்பட்டது. ஆனாலும் 2013இல் பதினொன்றாம் எண் சண்டி வீடமைப்புத் திட்டத்துக்காக நிலம் சீர்செய்தபோது தரைமட்டமாயிற்று. தனியார் நிலத்தில் இருந்தது, அரசிதழில் பதிவாகவில்லை என்று விளக்கம் வந்தது. எண் இருந்தது, அறிக்கை இருந்தது, பாதுகாக்க ஆள் இல்லை. அந்த டிசம்பர் மாதம் இங்குள்ள தமிழர்கள் கொதித்தது நியாயம். அந்தக் கோபம் தணிந்த பிறகு நாம் என்ன செய்தோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஏனென்றால் நம் கையிலேயே அழிகிற பொருள்கள் ஏராளம். செபராங் பிறையிலும் தென்கெடாவிலும் பால்மரத் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவருகின்றன. தோட்டம் விற்கப்படும்போது லயன் வீடுகள் இடிபடும். கோயில் வேறு இடத்துக்குப் பெயரும். பழைய வேலும் உடுக்கையும், ஊரிலிருந்து கொண்டுவந்த கல் விளக்கும், பிரட்டு மணியும், பால்வாளியும், பால் சீவும் உளியும், சம்பளத் துண்டும் யாராவது ஆர்வலர் வீட்டுக்குப் போகும். அவர்கள் அன்போடு காக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பத்து ஆண்டு கழித்து எந்த உளி எந்தத் தோட்டத்தினுடையது என்று கேட்டால் பதில் வராத சேகரிப்புகளை நான் பார்த்திருக்கிறேன். புத்தகுப்தன் கல்லுக்கு நேர்ந்த அதே குறை இங்கே நம் கண்முன் நிகழ்கிறது.

இதற்கு அரசு மானியம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கோயில் கமிட்டி ஒவ்வொன்றும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கலாம். பொருளுக்கு ஓர் எண். அதே எண் பொருளின் அடியில் அழியாத மையில். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, யார் கொடுத்தார், எந்தத் தேதி, அவர் சொன்ன செய்தி என்ன. கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும்; அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தால் இன்னும் நல்லது. புத்தகத்தின் நகல் ஒன்று கோயிலில், ஒன்று தமிழ்ப்பள்ளியில், ஒன்று பினாங்கு மாநில அருங்காட்சியகத்தில். தைப்பூசத்துக்கும் சித்திரைக்கும் கணக்கு எழுதுகிற கைகள் நம் கமிட்டிகளில் இருக்கின்றன. வரும் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கையில் இதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று பாகான் வட்டாரக் கோயில்களைக் கேட்டுக்கொள்கிறேன்.